ஆறரை லட்சம் யார் கணக்கில் வந்து இறங்கும்?

ஏற்காடு வட்டத்தில், நாளைக்கு மூன்றே முறை பஸ் வந்து திரும்பும் ஒரு மலைக் கிராமம். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு மதிப்பீட்டுத் தாளும் இணைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 142 பிள்ளைகள். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள்; மீதிப் பேர் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆய்வகம் என்ற பெயரில் இருப்பது மழைக்கு ஒழுகும் ஓர் அறையும் ஒரு பீரோவும். பீரோவுக்குள் இரண்டு நுண்ணோக்கிகள். ஒன்றுக்கு லென்ஸ் இல்லை.

பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையின் நீரைப் பிள்ளைகளே சோதிக்க வேண்டும், மழையை அளக்க வேண்டும், இந்த மலையின் சொந்த மரங்களுக்கு ஒரு நாற்றங்கால் வைக்க வேண்டும், ஆய்வகம் ஆய்வகமாக வேண்டும். இவையே அவர் ஆசைகள். மொத்தம் 6,50,000 ரூபாய். சேலத்தைச் சுற்றியுள்ள 23 நிறுவனங்களுக்குத் தன் கையெழுத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒரு பதிலும் இல்லை. சேலம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிய மனுவுக்கும் பதில் இல்லை. இதற்கிடையில் நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள் டீச்சர், 3,000 டாலர் அனுப்புகிறேன்" என்கிறார். சேலத்து ஆலோசகர் ஒருவர் 25,000 ரூபாய் முன்பணமும் வருகிற தொகையில் பத்து சதவீதமும் கொடுத்தால் நிதி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒரு குவாரி நிறுவனம் ஆய்வகம் அமைத்துத் தரத் தயார்; பெயர்ப்பலகையும், பிள்ளைகள் மரக்கன்று நடும் படமும் வேண்டுமாம். கணவரோ, "நாமே ஓர் அறக்கட்டளை தொடங்கிவிடலாம்" என்கிறார். தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பாடத்திட்டத்துக்கு வெளியே எதற்கு இந்த வம்பு என்பது அவர் கட்சி.

"எந்த வாசலில் நுழைய?" என்று கேட்டு முடித்திருக்கிறார் ஆசிரியை.

டீச்சர், நான் ஆடிட்டர். அறக்கட்டளைக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தவன். அதனால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும். பணம் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அது யார் கணக்கில் வந்து இறங்கும் என்று நான் கேட்கிறேன். உங்கள் நான்கு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. 23 நிறுவனங்களும் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தனிநபர், அதுவும் அரசு ஊழியர், தன் பெயரில் லட்சக்கணக்கில் கேட்டால், கொடுக்க மனமிருக்கும் மேலாளருக்கும் அந்தக் கோப்பை எந்தத் தலைப்பில் நகர்த்துவது என்று தெரியாது. தவிர, அரசு ஊழியர் முன் அனுமதி பெறாமல் நிதி திரட்டக் கூடாது என்பது தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 சொல்வது. நீங்கள் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் இருபத்து நான்காவது கடிதம் உங்கள் கையெழுத்தில் போக வேண்டாம்.

போக வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு, தலைமையாசிரியர் கையெழுத்தில். கல்வி உரிமைச் சட்டம், 2009 உங்களைப் போன்ற அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கும் அமைப்பு அது. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் பொறுப்பையும் சட்டம் அதனிடமே விட்டிருக்கிறது. "குழு இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு" என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்துதான் உங்களிடம் இல்லாதது. ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் வீட்டுப் பெண்கள் அந்தக் குழுவில் இருப்பார்கள். அவர்களிடம் போய் "ஆய்வகம்" என்று ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள்.

தலைமையாசிரியரின் வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். 2003-இல் அதை மறுபடியும் வலியுறுத்தியது. ஆகவே இது பாடத்துக்கு வெளியே உள்ள வம்பு அன்று. ஆனால் ஓய்வு நெருங்கும் ஒருவரிடம் தீர்ப்பை நீட்டுவதில் பயனில்லை. கணக்குச் சிக்கல் ஏதாவது வந்து ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்பதே அவர் பயமாக இருக்கும். ரசீதும் தீர்மானப் பதிவேடும் ஒழுங்காக இருக்கும் என்று காட்டினால் பாதி இறங்கி வருவார்.

கடிதங்கள் போன முகவரிகள்

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 23-இல் பதினைந்து ஜவ்வரிசி ஆலைகள், ஜவுளிக் கடைகள், வெள்ளிக் கொலுசு வியாபாரிகள். சேலத்தில் செல்வம் என்றால் இவர்கள் முகம்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சமூகப் பொறுப்பு நிதி என்கிற சி.எஸ்.ஆர். எல்லாத் தொழிலுக்கும் பொருந்துவதில்லை. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனத்துக்குத்தான் அந்தக் கடமை. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும். கூட்டு வியாபாரமாகவோ தனி உரிமையாகவோ நடக்கும் ஆலைக்கு இந்தச் சட்டமே இல்லை. அதன் முதலாளி மனமுவந்து இரண்டு மேசை வாங்கிக் கொடுக்கலாம், அது தர்மம். அவரிடம் "சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து" என்று எழுதினால், ஏதோ அரசு நோட்டீஸ் என்று நினைத்து உறையை மூடி வைத்துவிடுவார்.

மீதி எட்டில் உண்மையிலேயே கடமை உள்ள பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு தேறும். உருக்கு, ரசாயனம், மின்சாரம் எனச் சேலம் முதல் மேட்டூர் வரை இருப்பவைதான். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரும்படி சட்டமே அவற்றுக்குச் சொல்கிறது. கல்வியும் சுற்றுச்சூழலும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளவை. ஆகவே நீங்கள் கேட்பது அவர்கள் தேடும் தலைப்புத்தான். காலம் ஒன்று இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும்போது செலவாகாமல் நிற்கும் தொகையை வேறு கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றியாக வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் சின்னத் தொகைக்கு, விலைப்புள்ளியோடு தயாராக இருக்கும் விண்ணப்பத்துக்குத் திடீரென்று மரியாதை வரும். நீங்கள் அனுப்பியது மே மாதம், அதுவும் ஆறரை லட்சத்துக்கு.

இன்னொன்று. பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. நிறுவனமே பொருளை வாங்கிப் பள்ளியில் இறக்கலாம். உங்களைப் போன்ற சிறிய பள்ளிக்கு இதுவே நல்லது. காசோலையும் இல்லை, பயன்பாட்டுச் சான்றிதழ் தலைவலியும் பாதி குறையும். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இதற்கென்றே இருக்கிறது. பள்ளியின் தேவைகளைத் தலைமையாசிரியர் வழியாக அதன் இணையதளத்தில் பதிய வேண்டும். அங்கே உங்கள் பள்ளிக்கான பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேனே, "சுற்றுச்சுவர், வண்ணம் பூசுதல்" என்று மட்டும் இருக்கிறதாம். நுண்ணோக்கி வேண்டும் என்று நீங்கள் எழுதாவிட்டால் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

நாடாளுமன்ற உறுப்பினர் விஷயம். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. மனு போக வேண்டிய அலுவலகம் அது. மலையிலிருந்து கீழே பார்த்தால் சேலம் தெரிகிறது, கள்ளக்குறிச்சியா தெரிகிறது? இந்தத் தவற்றைச் செய்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

அமெரிக்க டாலரும் பத்து சதவீதமும்

பழைய மாணவரின் அன்பு பெரிது. ஆனால் உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு டாலர்கூட வரக் கூடாது. 3,000 டாலர் இன்றைக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டும். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு முழுவதும் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். பள்ளிக்குத்தான் செலவிட்டேன் என்று ரசீது காட்டினாலும், வாங்கியது நீங்கள். அப்புறம் நடத்தை விதிகள் வேறு.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பள்ளிக்கு, குழுவின் தீர்மானத்தோடு, தாராளமாகத் தரலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாடுவாழ் இந்தியர் (ஓ.சி.ஐ.) அட்டை கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010 குறுக்கே வரும். "சேலத்தில் இருக்கும் என் தம்பி கணக்குக்கு அனுப்பி, அவன் கொடுத்தால்?" என்று கேட்டிருக்கிறார் போலும். அதையும் சட்டம் முன்பே யோசித்துவிட்டது. எத்தனை கை மாறினாலும் ஊற்று வெளிநாடு என்றால் அது வெளிநாட்டுப் பணமே. பழைய மடிக்கணினிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினாலும் அப்படியே. அவர் நேரத்தைத் தரட்டும். நீர் வேதியியல் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் காணொளியில் வந்து உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவீடுகளைப் பார்த்து, "இந்த எண் ஏன் இப்படி?" என்று கேட்டால், எனக்கென்னவோ 3,000 டாலரை விட அதுதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

ஆலோசகரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நிதியின் செலவுத் தலைப்பிலும் தரகு என்று ஒரு வரி இருக்காது. ஆகவே அந்தப் பத்து சதவீதம் இரண்டே இடங்களிலிருந்துதான் வரும். ஒன்று உங்கள் சம்பளம், அல்லது ஊதிப் பெருக்கிய ஒரு பில். அந்தப் பில்லில் கையெழுத்து தலைமையாசிரியருடையதாக இருக்கும். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

அறக்கட்டளை இப்போது வேண்டாம்

உங்கள் கணவரின் யோசனையில் பிழையான எண்ணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அறக்கட்டளைப் பத்திரம் பதிவானதும் நிறுவனங்கள் பணம் தர ஆரம்பித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிறுவனங்களின் சார்பில் சி.எஸ்.ஆர். பணியைச் செய்ய வேண்டுமானால் வருமான வரித்துறையின் பதிவும், கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதலும், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் வேண்டும். கூடவே அந்த வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். இன்று பிறந்த அறக்கட்டளைக்கு அந்த வயது வர மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, வரித் தாக்கல். எனக்கு வாடிக்கையாளர் கிடைப்பார். உங்கள் ஓடைக்கு என்ன கிடைக்கும்? தவிர, ஆசிரியையும் கணவரும் அறங்காவலர்களாக இருந்து அதே பள்ளிக்கு நிதி வாங்கினால், நேர்மையாகவே நடந்தாலும் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும்.

ஏற்கெனவே பதிவும் அனுபவமும் உள்ள அமைப்போடு சேருங்கள். 'துளிர்' இதழை நடத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொடர்பைப் பிடியுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் ஒருங்கிணைப்பவர்கள் அவர்கள். 1993 முதல் நடக்கும் அந்த மாநாட்டில் 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து அறிக்கை வைக்கிறார்கள். உங்கள் ஓடை அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. அதில் பணம் வராது. ஆனால் மாவட்ட அளவில் வைத்த ஓர் அறிக்கை கையில் இருந்தால், அடுத்த விண்ணப்பத்தில் அதற்கு இருக்கும் எடை தனி.

உங்கள் வருமானப் பட்டியலில் "இன்ஸ்பையர் – மானக் விருது, 50,000" என்று ஒரு வரி இருக்கிறது. பிள்ளைகளின் புதிய அறிவியல் யோசனைகளுக்கு ஒன்றிய அரசு தரும் விருது அது. அதை அடித்துவிடுங்கள். பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம் என்பதும், தேர்வானால் 10,000 ரூபாய் வரும் என்பதும் சரி. ஆனால் அது தேர்வான பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு, அந்தப் பிள்ளையின் மாதிரியைச் செய்வதற்காக வரும் பணம். பள்ளி வருமானம் இல்லை. ஐந்து பெயரையும் கட்டாயம் அனுப்புங்கள்; அதை வைத்து நாற்றங்கால் வேலியைக் கணக்குப் போட வேண்டாம். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியும் கல்லூரிகளுக்கானது. பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழக ஒன்றிய அரசு நிதி தரும் அடல் டிங்கரிங் ஆய்வகம் 20 லட்சம் என்றதும் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்: அமைக்கப் பத்து, ஐந்தாண்டு நடத்தப் பத்து. அது முதலில் கேட்பது விசாலமான நல்ல அறை. ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு முப்பரிமாண அச்சு இயந்திரம் கேட்க முடியாது.

குவாரிக்காரர்களின் பெயர்ப்பலகை

இதில்தான் நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. "அவர்கள் பணத்தில் சுற்றுச்சூழல் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "ஆனால் லென்ஸ் இல்லாத நுண்ணோக்கியை வைத்து என்ன செய்வது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே.

என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்பது உங்கள் விருப்பம். அவர்களின் பழைய குவாரி உங்கள் ஓடைக்கு மேற்புறம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மேசை, நுண்ணோக்கி, கண்ணாடிக் குடுவை, மின்விசிறி ஆகியவற்றை அவர்களிடம் வாங்கலாம். ஓடை நீர்ச் சோதனைக்கு மட்டும் ஒரு ரூபாயும் அவர்களிடம் வாங்காதீர்கள். நீர் நன்றாகவே இருந்தாலும், அவர்கள் காசில் வந்த முடிவை ஊரார் நம்பமாட்டார்கள். மோசமாக இருந்தால், அதை வெளியே சொல்லும்போது உங்கள் குரலே தடுமாறும்.

வாங்குவது என்று முடிவானால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். பலகை ஆய்வக அறைக்குள் இன்ன அளவில் இருக்கும். பாடத்திலும் அளவீட்டிலும் கொடுப்பவருக்குப் பங்கில்லை. அளவீடுகள் பள்ளிக்குச் சொந்தம். வெளியிட யார் அனுமதியும் தேவையில்லை. பிள்ளைகளின் படம் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எங்கும் வராது. இதை மேலாண்மைக் குழுவில் வைத்து, முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தெரியப்படுத்திய பிறகு கையெழுத்தாகட்டும். இந்த நான்கு வரியைப் பார்த்து அவர்கள் பின்வாங்கினால், அவர்களுக்கு வேண்டியிருந்தது படம் மட்டும்தான் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

நீர் மோசம் என்று முடிவு வந்தால் அது முதலில் ஊராட்சிக்குப் போக வேண்டும், பத்திரிகைக்குப் போகக் கூடாது. அதையும் பிள்ளைகளிடம் முன்பே பேசி வையுங்கள்.

மதிப்பீட்டுத் தாளைப் பிரித்தால்

இனி உங்கள் ஆறரை லட்சம். ஆய்வகத்துக்கு 3,80,000 போட்டிருக்கிறீர்கள். அதில் 2,40,000 கூரை, தரை, குழாய், தொட்டி. அது கட்டட வேலை. கல்விக்குக் கொடுப்பவரிடம் கேட்டால் தயங்குவார். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. பின்னதில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். உங்கள் ஊருக்கு அது 48,000 ரூபாய். ஜவ்வரிசி ஆலை முதலாளியின் தர்மத்துக்கும் உள்ளூர்ப் பழைய மாணவர்களுக்கும் இதுவே சரியான இடம். மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகட்டும். மீதி 1,40,000 கருவிகள்; இதைத்தான் சி.எஸ்.ஆர். பக்கம் கேட்க வேண்டும்.

நீர்ச் சோதனைப் பெட்டிகளுக்கு 40,000. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களச் சோதனைப் பெட்டிகள் தரப்பட்டு, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி பிரிக்காமலே கிடக்கலாம், போய்க் கேளுங்கள். அமிலத்தன்மை, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு எல்லாம் அதில் பார்க்கலாம். மலக்கிருமி இருந்தால் கருப்பாக மாறும் சிறு குப்பியும் வாங்கக் கிடைக்கும். சந்தேகமான மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 5,000 போதும்.

தானியங்கி வானிலை நிலையம், 60,000. வேண்டாம் டீச்சர். பேட்டரி தீர்ந்த அன்று அது ஓர் அலங்காரக் கம்பமாகிவிடும். சாதாரண மழைமானியும் உச்ச, நீச வெப்பமானியும் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் ஓடிப் போகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கணக்குப் போடட்டும். தொட்டி கட்டச் சொல்லி அவளே உங்களிடம் வந்து நிற்பாள்.

நாற்றங்கால், 70,000. கன்றுகளை விலைக்கு வாங்கக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்த பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் கன்று கிடைக்கிறது. விதை சேகரிக்கப் பிள்ளைகளின் பாட்டிகள் இருக்கிறார்கள். நிழல்வலைக்கும் பைகளுக்கும் 15,000 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் திருத்தம்: 'மண்ணின் மரங்கள்' பட்டியலில் முதலாவதாகச் சில்வர் ஓக் எழுதியிருக்கிறீர்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, காப்பிக்கு நிழலாக. மலை முழுக்க நிற்பதால் நம்முடையது போலத் தோன்றுகிறது. அந்த இடத்தில் கடுக்காயையும் நாவலையும் போடுங்கள்.

சென்னைக் கோளரங்கப் பயணம், 60,000. அதை வேறோர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலைத் தாண்டியிருக்கிறார்கள்? கீழே இறங்கினால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. வண்டி வாடகை 12,000. கருத்தாளர் மதிப்பூதியம் 40,000 என்பதைப் பயணப்படி 5,000 ஆக்கிவிடுங்கள்; பெரியார் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் ஆசையோடு மலை ஏறுவார்.

சில்லறை எல்லாம் சேர்த்தால் 40,000. இதற்கு வெளியே கையேந்த வேண்டுமா? "அரசிடமிருந்து ஒரு பைசா வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 101 முதல் 250 மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் பள்ளி மானியம் என்பது வரையறை. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். சுற்றுச்சூழல் மன்றத்துக்குத் தனித் தலைப்பும் உண்டு. 2024-25-இல், பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் சேர்வது பற்றிய இழுபறியில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான தொகையை நிறுத்தி வைத்தது உண்மை, தாமதங்கள் இருக்கும். ஆனாலும் வந்தது எவ்வளவு, எதற்குப் போனது என்று கேட்கும் உரிமை மேலாண்மைக் குழுவுக்கு உண்டு. சண்டையாக வேண்டாம், அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் ஒரு வரியாகக் கேட்டால் போதும்.

ஆக, ஆறரை லட்சத்தில் ஒரு நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது 1,40,000 ரூபாய்க்குக் கருவிகள். இதற்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, பள்ளியின் அடையாள எண்ணான யுடைஸ் எண்ணையும் குழுத் தீர்மானத்தையும் இணைத்தால் விண்ணப்பம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

முதல் பத்தியை மாற்றுங்கள். "சுற்றுச்சூழல் மாசு உலகையே அச்சுறுத்தி வரும் இக்காலக்கட்டத்தில்" என்று தொடங்கும் விண்ணப்பங்களை நான் ஒரு மூட்டை பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அதையே இப்படி வையுங்கள்: "எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. 61 வீடுகள் அதில் தண்ணீர் எடுக்கின்றன. எங்கள் மாணவர்கள் மூன்று மாதமாக வாரம் ஒருமுறை அந்த நீரைச் சோதித்தும், தினமும் மழையை அளந்தும் எழுதி வருகிறார்கள். பதிவேட்டின் நகல் இணைப்பில். நீரில் வாழும் நுண்ணுயிரைப் பார்க்க ஐந்து நுண்ணோக்கிகள் வேண்டும்."

அந்த "மூன்று மாதம்" உண்மையாக இருக்க வேண்டுமென்றால் மழைமானியை இந்த வாரமே வைத்தாக வேண்டும். வானிலைத் துறையின் வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு அளப்பது. உங்களுக்குப் பஸ் வந்து சேரும் நேரம் ஒன்பதே கால் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரிடம் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் அளப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.